சம்போங் பாயார் காடி எடுக்கலாமா?

சுங்கை சிப்புட்டில், வேறொருவர் வங்கிக் கடனில் எடுத்த காடிக்கு (காருக்கு) 3,000 வெள்ளி கொடுத்து, மீதித் தவணையை மாதாமாதம் கட்டிக்கொள்ளும் சம்போங் பாயாரில் ஒரு மைவி காடி வருகிறது, எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். தவணை கட்டுவது நீங்கள், கிராண்டில், அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தில், பெயர் விற்பவருடையது, கடன் தீரும்வரை உரிமை வங்கியுடையது. உங்களிடம் வாங்கும் பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால் ஒருநாள் உங்கள் வாசலிலிருந்தே காடியை இழுத்துப் போய்விடுவார்கள். வங்கிக்குத் தெரியாமல் இப்படிக் கைமாற்றுவது 1967 வாடகைக் கொள்முதல் சட்டத்தோடு மோதும் வேலை.

சரி, பழைய காடிதான் கட்டுப்படி என்றால் முறையாகப் பெயர் மாற்றியே வாங்குங்கள். புஸ்பாகோம் வாகனச் சோதனையில் தேறியதை மட்டும் நம்பாமல், தெரிந்த ஃபோர்மேனை (மெக்கானிக்கை) வைத்துக் காடியைத் தூக்கி அடியில் துரு பாருங்கள், தோட்டத்துச் செம்மண் ரோடு சும்மா விடாது. அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சேற்றுக்கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்கலாம், விற்பவர் எவ்வளவு இறக்கிக் கொடுத்தாலும் சீண்டாதீர்கள்.