வாசகர் கேள்விகள்: தூக்கிச் செல்லும் மியூவான் டிடெக்டர்

கேள்வி: இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டு, 16 செ.மீ. சதுரத்தில் ஆர்.பி.சி. டிடெக்டர் (மின்தடைத் தகடுகளுக்கு நடுவே வாயுவை நிரப்பி, துகள் கடக்கும்போது எழும் மின்துடிப்பைப் பிடிக்கும் கருவி) செய்திருக்கிறோம். மியூவான்கள் (விண்கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நுண்துகள்கள்) நன்றாகப் பதிவாகின்றன. ஆனால் நேரத் துல்லியம் 1 நானோநொடிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. மின்னணுச் சுற்றை மாற்றினால் சரியாகுமா?
(இயற்பியல் மாணவி, மதுரை)

பதில்: ஆகாது. 2 மி.மீ. இடைவெளி தருவதே அவ்வளவுதான். உங்கள் ஊரில் இயங்கும் 85 டன் மினி-ஐகால் என்ற மியூவான் டிடெக்டரின் ஆர்.பி.சி.களும் இந்த வகைதான். அந்த வேலைக்கு அது போதும்.

பிக்கோநொடிக் கணக்கில் (நானோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேண்டுமென்றால் இடைவெளியைக் கால் மி.மீ. ஆக்குங்கள். அப்போது மின்புலத்தைச் செ.மீ.க்கு 100 கிலோவோல்ட் வரை ஏற்றலாம். எலெக்ட்ரான்கள் வெகு வேகமாகப் பெருகும். துடிப்பு எழும் கணம் முன்பின்னாவது குறையும். ஆனால் அத்தனை மெல்லிய வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு மியூவான் தப்பிவிடும். அதனால்தான் பல அடுக்கு. ஐரோப்பியத் துகள் ஆய்வு மையமான செர்னில் ஆலிஸ் சோதனை 250 மைக்ரான் இடைவெளிகள் பத்தை அடுக்கி 50 பிக்கோநொடியை எட்டியது. உங்களுக்கு ஐந்து போதும்.

இடைவெளியைத் தாங்க மீன்பிடி நைலான் நரம்பையே இழுத்துக் கட்டுங்கள். கட்டுமுன் நரம்பின் தடிமனைப் பல இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். வெளித் தகடுகளுக்கு மட்டும் கிராஃபைட் பூசி, ஒன்றுக்கு +6, மற்றதற்கு −6 கிலோவோல்ட். உள் தகடுகளுக்கு இணைப்பே வேண்டாம். தத்தம் மின்னழுத்தத்தை அவை தாமே எடுத்துக்கொள்ளும். துடிப்பை வாங்கும் உலோகப் பட்டைகளின் இரு முனையிலும் நேரத்தை அளந்து சராசரி எடுங்கள். துடிப்பின் உயரத்துக்கேற்ற திருத்தமும் செய்யாவிட்டால் இத்தனை பாடும் வீண்.

கேள்வி: வாயுச் சிலிண்டரைத் தூக்கிப் போக முடியாது என்று டிடெக்டரை வாயுவோடு அலுமினியப் பெட்டியில் அடைத்து மூடினோம். சில வாரங்களில் மின்னோட்டம் ஏறிவிடுகிறது. கசிவுச் சோதனையில் அழுத்தம் குறையவே இல்லையே?
(ஆய்வக உதவியாளர், கோவை)

பதில்: ஈரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அழுத்தம் குறையாமலே பிளாஸ்டிக் குழாயின் சுவர் வழியாக நீராவி உள்ளே வரும். ஜப்பானில் பெல் என்ற துகள் இயற்பியல் சோதனையின் கண்ணாடி ஆர்.பி.சி.கள் இப்படித்தான் கெட்டன. குழாய்களைச் செம்புக்கு மாற்றிய பிறகே சரியாயின. டிடெக்டரில் நிரப்பும் ஆர்-134ஏ (ஃபுளூரின் கொண்ட குளிர்பதன வாயு) மின்னிறக்கத்தில் சிதையும்போது அந்த ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு உண்டாகும். அது கண்ணாடியின் உட்பரப்பை அரிக்கும். அரித்த தகடு பழைய நிலைக்குத் திரும்புவது சந்தேகமே. ஆகவே செம்பு அல்லது எஃகுக் குழாய், உலோக வால்வு. மூடுமுன் உலர்ந்த வாயுவைப் பெட்டியின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு ஓட்டுங்கள்.

உங்கள் கசிவுச் சோதனையையும் நம்ப முடியாது. மூடிய பெட்டியில் 1 டிகிரி செல்சியஸ் ஏறினாலே அழுத்தம் சுமார் 35 மி.மீ. நீர்மட்டம் கூடும், சிறு கசிவு அதில் மறைந்துவிடும். உள் வெப்பநிலையையும் வெளிக் காற்றழுத்தத்தையும் சேர்த்தே பதியுங்கள்.

கேள்வி: வெயில் ஏறினால் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டுமாமே?
(அதே வாசகர்)

பதில்: வாயு ஓடும் டிடெக்டருக்கு அது சரி, சூட்டில் அதன் வாயு அடர்த்தி குறையும். 25லிருந்து 40 டிகிரிக்குப் போனால் சுமார் 5 சதவீதம் குறைக்க வேண்டும். பெட்டி விறைப்பாக மூடியிருந்தால் வாயுவின் அடர்த்தி மாறாது. அந்தத் திருத்தத்தைப் போடாதீர்கள், துல்லியம்தான் கெடும். சூட்டில் கண்ணாடியின் மின்தடை இறங்குவதால் மின்னோட்டம் மட்டும் கூடத்தான் செய்யும்.