வலிக்காத புண் ஆறிவிட்டது. உள்ளங்கையில் இந்தப் புள்ளிகள் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 33. நெசவு இயந்திரங்கள் பொருத்தும் வேலை. நான்கு மாதங்களுக்கு முன் வெளிமாநிலத்தில் வேலை பார்த்தபோது ஒரு பெண்ணுடன் உறவு ஏற்பட்டது. ஆணுறை பயன்படுத்தவில்லை. ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் ஆணுறுப்பின் முன்தோலில் பட்டாணி அளவில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. சூட்டுப்புண் என்று நினைத்து மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவினேன். ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. இப்போது பத்து நாட்களாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறப் புள்ளிகள்; அரிப்பு இல்லை. மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்றாம் மாதத்தில் அவருக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. இது உடம்புச் சூடுதானா? மனைவிக்குத் தெரியாமல் குணப்படுத்திக்கொள்ள வழி உண்டா?

பதில்: முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனைக்குப் போய், பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அந்த அறையின் வாசலில் 'சுகவாழ்வு மையம்' என்று எழுதியிருக்கும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்களைவிட உங்கள் மனைவியின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத்தான் இப்போது அவசரம்.

நீங்கள் எழுதியிருப்பது உடம்புச் சூடு போலத் தெரியவில்லை. சிஃபிலிஸ் என்னும் மேகநோயின் முதல் கட்டமும் இரண்டாம் கட்டமும் அடுத்தடுத்து வந்திருப்பது போல இருக்கிறது. கடிதத்தை மட்டும் படித்து நோயை உறுதி செய்ய முடியாது. மருந்து ஒவ்வாமையிலும், சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களிலும் உள்ளங்கையில் புள்ளி வருவதுண்டு. ஆனால் பாதுகாப்பற்ற உறவு, மூன்று நான்கு வாரத்தில் வலியில்லாத ஒற்றைப் புண், அது தானாக ஆறியது, சில வாரம் கழித்து அரிப்பில்லாத புள்ளிகள் என்று எல்லாம் இந்த வரிசையில் வந்தால், எந்தப் பால்வினை நோய் மருத்துவரும் முதலில் சிஃபிலிஸைத்தான் நினைப்பார்.

களிம்பு தடவியதால் புண் ஆறியது என்று எண்ணாதீர்கள். இந்தப் புண் மூன்று முதல் ஆறு வாரத்தில் எதுவும் செய்யாமலேயே ஆறிவிடும். இதற்கு நம் பக்கத்தில் கிரந்தி, பறங்கிப்புண் என்றெல்லாம் பெயர் உண்டு. பறங்கியர், அதாவது ஐரோப்பியரோடு வந்த நோய் என்று அன்று நம்பினார்கள். பறங்கிப்பட்டை என்னும் மூலிகை கொடுத்துப் பார்த்தார்கள், புண் ஆறியது. கொடுக்காதவருக்கும் ஆறியது. இன்று களிம்பு தடவுகிறவருக்கும் அப்படியே ஆறுகிறது. அதனால் இந்த நோயில் எல்லா மருந்தும் பலித்தது போலவே தோன்றும். புண் மறைந்தாலும் கிருமி ரத்தத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். இந்தப் புள்ளிகளும் சில வாரங்களில் மறைந்துவிடும். நிம்மதி அடைந்து சும்மா இருந்துவிட்டவர்களில் சிலருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து இதயத்தின் பெருந்தமனியிலோ மூளையிலோ அது வெளிப்படுகிறது.

வலி இல்லாததால் பயமில்லை என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். பிறப்புறுப்பில் கூட்டமாகச் சிறு கொப்புளங்கள் தோன்றி, உடைந்து எரிந்தால் அது பெரும்பாலும் ஹெர்பிஸ். சிறுநீர்க் குழாயில் சீழ் வடிந்து, சிறுநீர் கழிக்கும்போது கடுத்தால் மேகவெட்டை என்னும் கொனோரியாவாக இருக்கலாம். இந்த இரண்டிலும் மனிதர் பதறிக்கொண்டு வந்துவிடுவார். சிஃபிலிஸ் புண்ணோ தொட்டால் குருத்தெலும்பு போல விறைப்பாக, சுத்தமாக, வலியில்லாமல் இருக்கும். தொடை இடுக்கில் நெறி கட்டினாலும் வலிக்காது. பெண்களுக்குப் பிறப்புறுப்பின் உட்பக்கத்தில் வந்தால், வந்ததே தெரியாமல் போய்விடும்.

இனி பரிசோதனை. முதலில் எடுப்பது வி.டி.ஆர்.எல். என்னும் ரத்தச் சோதனை, அல்லது அதே வகையைச் சேர்ந்த ஆர்.பி.ஆர். உங்கள் ரத்தத்தின் சீரத்தை, அதாவது அதிலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரை, இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். எவ்வளவு நீர்த்த பிறகும் சோதனை மருந்தோடு வினை தெரிகிறதோ அதுதான் உங்கள் அளவு. 1:32 என்று சீட்டில் எழுதியிருந்தால், 32 மடங்கு நீர்த்த பிறகும் வினை இருந்தது என்று பொருள். மலேரியா, லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய், சில சமயம் கர்ப்பம்கூட இந்தச் சோதனையில், சிஃபிலிஸ் இல்லாதபோதும் இருப்பதாகப் பொய்யான முடிவைக் காட்டலாம். பெரும்பாலும் அது சிறிய அளவாக இருக்கும். ஆகவே டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு சோதனையால் உறுதி செய்வார்கள். இந்த இரண்டாவது சோதனை, நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டும். இது தெரியாமல் ஐந்து ஆண்டு கழித்து அந்தச் சீட்டைப் பார்த்து மனமுடைந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோய் குறைகிறதா என்று அறிய வி.டி.ஆர்.எல். அளவைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் மனைவியின் சீட்டைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மூன்றாம் மாதத்தில் அவருக்கு ரத்தம் எடுத்தது, உங்களுக்குப் புண் இருந்த காலத்தை ஒட்டியே இருக்கிறது. தொற்று புதிதாக நுழைந்திருந்தால் அந்தச் சோதனையில் தெரியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் வேண்டும். அந்தச் சீட்டு அன்றைய நிலையைத்தான் சொல்கிறது. அவருக்கு இப்போது மறுபடி பரிசோதனை செய்ய வேண்டும். உங்களுக்கு நோய் உறுதியானால், கடந்த 90 நாட்களுக்குள் உறவு இருந்திருக்கும் பட்சத்தில், அவருடைய முடிவு நெகட்டிவ் என்று வந்தாலும் மருந்து கொடுக்க வேண்டும். தாயிடமிருந்து இந்தக் கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், நோயோடு பிறக்கலாம். தாய்க்கு உரிய நேரத்தில் ஊசி போட்டால் இவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அந்த ஊசி பென்சதைன் பென்சிலின். உங்களைப் போல் நோய் வந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு 24 லட்சம் யூனிட், ஒரே ஒருமுறை. சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடியாக இருக்கும். செவிலியர் நீர் சேர்த்துக் குலுக்கினால் கெட்டிப் பால் போல ஆகிவிடும். ஊசி அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தடித்த ஊசியையே எடுப்பார். பெரும்பாலும் இரண்டாகப் பிரித்து இரண்டு பிட்டத்திலும் ஆழமாகப் போடுவார்கள். வலிக்கும், ஓரிரு நாள் உட்காரும்போது தெரியும். இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒருமுறை இரட்டிக்க ஒரு நாளுக்கும் மேல் ஆகும். அதனால்தான் தசையில் தங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும் இந்த மருந்து தேவைப்படுகிறது. பென்சிலின் ஒவ்வாமை உங்களுக்கு இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை 14 நாட்கள் தருவார்கள். கர்ப்பிணிக்கு அந்த மாற்று கிடையாது. அவருக்குப் பென்சிலின்தான், ஒவ்வாமை இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து, உடலைப் படிப்படியாகப் பழக்கியாவது அதைத்தான் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஒரு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போடும் மருத்துவர்கள் உண்டு.

ஊசி போட்ட அன்று இரவே காய்ச்சலும் குளிரும் தலைவலியும் வரலாம். புள்ளிகள் இன்னும் சிவக்கலாம். கிருமிகள் ஒரேயடியாக மடிவதால் வருவது அது. ஒரு நாளில் தணியும், பாராசிட்டமால் போதும். ஆனால் உங்கள் மனைவிக்கு ஊசிக்குப் பின் வயிறு இறுக்கிப் பிடித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே பிரசவப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

'மனைவிக்குத் தெரியாமல்' என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அவர் உடம்பில் போடும் ஊசி எதற்கு என்று அறிய அவருக்கு உரிமை இருக்கிறது. உங்களுக்கு மட்டும் ரகசியமாக மருந்து போட்டுக்கொண்டால், அவருக்கும் தொற்று இருந்தால் அவரிடமிருந்தே உங்களுக்குத் திரும்ப வரலாம். ஒருமுறை குணமானவருக்கு இந்த நோய் மறுபடி வராது என்பதில்லை. எப்படிச் சொல்வது என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. சுகவாழ்வு மையத்தில் ஆலோசகர் இருப்பார். இந்தப் பேச்சை நடத்துவதற்கென்றே பயிற்சி பெற்றவர். இருவரையும் உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். வீட்டில் இரவு பத்து மணிக்குத் தனியாகச் சொல்லிப் பார்ப்பதைவிட இது நல்லது. அந்த வெளிமாநிலப் பெண்ணுக்கும் தகவல் போக வேண்டும். அவரைத் திட்டுவதற்காக இல்லை. அவருக்கும் அந்த ஊசி தேவை. வழி தெரியாவிட்டால் 1097 என்ற இலவச உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

அதே நாளில் பக்கத்திலிருக்கும் நம்பிக்கை மையத்தில் நீங்கள் இருவரும் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிஃபிலிஸ் புண் இருந்தால் எச்.ஐ.வி. எளிதில் நுழையும். ஹெபடைடிஸ் பி சோதனையையும் கேளுங்கள். புள்ளிகள் முழுவதும் மறைந்து, இருவருக்கும் சிகிச்சை முடிந்தது என்று மருத்துவர் சொல்லும்வரை உறவு வேண்டாம். வீட்டில் மீதமிருக்கும் களிம்பை இனித் தடவாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். புண்ணின் உருவத்தையே மாற்றி மருத்துவரை ஏமாற்றிவிடும்.

பிறகு மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் உங்கள் ரத்தத்தைப் பார்ப்பார்கள். 1:32 இருந்தது 1:8க்கு, அதாவது நான்கில் ஒரு பங்குக்காவது இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. கூடுமானவரை எல்லாவற்றையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே வகைச் சோதனையாகச் செய்யுங்கள், வி.டி.ஆர்.எல். அளவையும் ஆர்.பி.ஆர். அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

உங்கள் மனைவிக்கு ஊசி போட்டதும், அந்தத் தேதியைத் தாய் சேய் நல அட்டையில் மருத்துவர் எழுதியிருக்கிறாரா என்று அங்கேயே பாருங்கள். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். பிரசவ அறையில் குழந்தை மருத்துவர் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான். அதைப் பார்த்துத்தான் குழந்தைக்குத் தனியாகப் பென்சிலின் வேண்டுமா என்று முடிவு செய்வார். ஆறாம் மாதம் என்கிறீர்கள். நாள் இன்னும் இருக்கிறது, நாளைக்கே போங்கள்.