நம்பிய பிறகும் விடுதலையா? கார்டினல் பெல் வழக்கு: உங்கள் கேள்விகள்

முதலில் கதைச் சுருக்கம்: ஜார்ஜ் பெல் கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல். மெல்பர்ன் பேராயராக இருந்தபோது சிறுவர்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தார் என்பது புகார். ஜூரி (தீர்ப்புச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரணப் பொதுமக்கள்) அவரைக் குற்றவாளி என்றார்கள், கடைசி மேல்முறையீட்டில் விடுதலையானார்.

ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக விடுவித்தார்கள் என்றால், புகார் கொடுத்தவர் பொய் சொன்னார் என்றுதானே அர்த்தம்?

இல்லை. 2020 ஏப்ரல் 7 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அங்கே அதற்கு மேல் நீதிமன்றம் கிடையாது, நம் ஹைகோர்ட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்) தந்த தீர்ப்பு, ஜூரி அவரை நம்பினார்கள் என்பதை ஏற்றுக்கொண்டுதான் மேலே போகிறது. சிக்கல் மற்ற சாட்சிகளிடம். சம்பவம் 1996-இல், மெல்பர்ன் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில், ஞாயிறு பூசை முடிந்த கையோடு நடந்ததாகக் குற்றச்சாட்டு. ஆனால் பூசை முடிந்தால் பேராயர் வாசற்படியில் நின்று மக்களோடு பேசுவார், பூசை உடுப்பில் இருக்கும்வரை கூடவே ஒருவர் இருப்பார், உடுப்பு மாற்றும் அறையில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள் என்று சொன்னவர்கள் அரசுத் தரப்பே கூப்பிட்ட சாட்சிகள். அவர்கள் நேர்மையாகத்தான் சொன்னார்கள் என்றால், நியாயமான சந்தேகம் எப்படி வராமல் இருக்கும்? விடுதலைக்கு அது போதும்.

புகார் கொடுத்தவர் பேசியதைப் பார்த்தாலே உண்மை தெரிகிறது என்கிறார்களே?

2019-இல் மேல்முறையீட்டை 2-க்கு 1 என்று தள்ளுபடி செய்த விக்டோரியா மாநில நீதிபதிகள் அவர் சாட்சியத்தின் வீடியோவைப் பார்த்தார்கள், பெரும்பான்மை இருவரும் அதில் நன்றாகவே அசந்துபோனார்கள். உயர் நீதிமன்றத்துக்கு அது பிடிக்கவில்லை. முகம், குரல், தடுமாற்றம் பார்த்து எடை போடுவது ஜூரியின் வேலை, மேல் நீதிமன்றம் மொத்தப் பதிவையும் வைத்து சந்தேகத்துக்கு இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. என்னைக் கேட்டால் சரியான பேச்சு. கோர்வையாகப் பேசுகிறவரும் தவறாக நினைவு வைத்திருக்கலாம், திக்கித் திணறுகிறவரும் உண்மை சொல்லலாம்.

இருபது வருஷம் சும்மா இருந்துவிட்டு 2015-இல் போலீசுக்குப் போனது சந்தேகம் இல்லையா?

இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். ஆஸ்திரேலியாவில் சிறுவர் துஷ்பிரயோகத்தை விசாரித்த ராயல் கமிஷனிடம் பேசியவர்கள், யாரிடமாவது முதலில் வாய் திறக்க சராசரியாக 23.9 வருஷம் எடுத்திருக்கிறார்கள். தாமதித்த ஒரே காரணத்துக்காக நம்பாதீர்கள் என்று நீதிபதி ஜூரியிடம் சொல்வதை விக்டோரியா சட்டமே தடுக்கிறது. ஆனால் ஒன்று, தாமதத்தில் எதிர்த்தரப்புச் சாட்சிகளின் நினைவும் மங்கும், அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

பெல் ஏன் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை?

ஏறாமல் இருப்பது அவர் உரிமை. 2016-இல் ரோமில் போலீஸ் எடுத்த விசாரணை வீடியோவை ஜூரி பார்த்தார்கள், அதில் எல்லாவற்றையும் மறுத்திருந்தார்.