வெயில் இருக்கிறது, விசிறி சுற்றவில்லை: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: அரசு மானியத்தில் 3 கிலோவாட் சோலார் பொருத்தினோம். போன வாரம் பட்டப்பகலில் மின்சாரம் போனபோது ஒரு விசிறிகூடச் சுற்றவில்லை. பழுதா, ஏமாற்றா? (திருவொற்றியூர் வாசகி)

பதில்: பழுதில்லை அம்மா. உங்களுடையது மின்வாரியக் கம்பியோடு இணைந்த ஆன்கிரிட் அமைப்பு. வாரியத்தின் மின்சாரம் நின்றால், சோலார் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றித்தரும் அதன் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால், தெருக்கம்பத்தில் ஏறிய ஊழியர் மீது உங்கள் மாடி மின்சாரம் பாயும். விற்றவர் 78,000 ரூபாய் மானியத்தைப் பத்து முறை சொல்லியிருப்பார். இதை ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டார். அது அநியாயம். ‘மின்தடையிலும் இயங்கும்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். சோலார் தகடுகள் வீணாகாது. சோலாரையும் பேட்டரியையும் சேர்த்து இயக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும், பேட்டரியும் சேர்த்தால் மின்தடைக்கும் உதவும்.

கேள்வி: பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா? (கொருக்குப்பேட்டை)

பதில்: கூடாது. வீட்டு இன்வெர்ட்டருக்கு வழக்கமாக வரும் டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றோட்டமான இடத்தில், மழைத்தண்ணீர் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்றார்கள். அப்படி வாங்கிய பேட்டரி 14 மாதத்தில் படுத்துவிட்டது. மேலே ‘60 மாத வாரண்டி’ என்று ஒட்டியிருக்கிறது. (ராயபுரம்)

பதில்: பில்லை விட்டுக்கொடுத்த உங்கள் மீதும் கோபம்தான், அதைப் பிறகு வைத்துக்கொள்வோம். இந்த 60 மாதத்தைப் பற்றி எத்தனை முறை எழுதுவது? பல பேட்டரிகளில் அது 36-ம் 24-ம் சேர்ந்த கணக்கு. முதல் 36 மாதத்தில் கெட்டால்தான் இலவசமாக மாற்றித் தருவார்கள். மீதி 24 மாதத்தில் கெட்டால் புதிய பேட்டரியின் விலையில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், அவ்வளவுதான். கடைப் பலகையில் 60 என்பது முழங்கை உயரம். வாரண்டி அட்டையில் 36 என்பதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். கடைக்காரரிடம் கேட்டால், ‘எல்லாருக்கும் தெரிந்ததுதானே சார்’ என்கிறார். யாருக்குத் தெரியும்? பில், வரிசை எண், தேதி, கடை முத்திரை ஆகிய நான்கும் இல்லாமல் பேட்டரியைத் தூக்காதீர்கள்.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. யுபிஐ-யில் பணம் அனுப்பிய பதிவும் சான்றுதான். வரிசை எண்ணைப் படமெடுத்து நேரே தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதுங்கள். மசியாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

கேள்வி: லாரி பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. இன்வெர்ட்டருக்கு வாங்கலாமா? (மணலி)

பதில்: நான் வாங்கினேன். அடுத்த கோடையைப் பார்க்கவில்லை. அது வண்டியைக் கிளப்பச் சில நொடி உழைக்கும் சாதி. மணிக்கணக்கில் வடியவிட்டால் செத்துப்போகும்.

கேள்வி: 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி எட்டு மணி நேரம் வரும் என்றார்கள். இரண்டு விசிறி, இரண்டு விளக்கு, ஃப்ரிட்ஜ் போட்டால் மூன்று மணி நேரம்கூட வரவில்லை. (வியாசர்பாடி)

பதில்: ஃப்ரிட்ஜையும் மாட்டிவிட்டு என்னைக் கேட்கிறீர்கள்! வாங்கும் முன்பு ஒரு பெருக்கல் போட்டிருக்கலாம். 12 வோல்ட், 150 ஏஹெச் என்றால் 1,800 வாட்-மணி. அடிவரை வடிக்கக் கூடாது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது ஏறக்குறைய 1,100. சாதாரண விசிறி 75 வாட், எல்இடி குழல்விளக்கு 20. ஃப்ரிட்ஜ் இல்லாமலே ஆறு மணி நேரத்தை எட்டாது. 30 வாட்டில் சுற்றும் பிஎல்டிசி விசிறிகளுக்கு மாறுங்கள், ஃப்ரிட்ஜைக் கழற்றுங்கள்; அதே பேட்டரி பத்து மணி நேரம் தாங்கும்.