ஜெல்லுக்குப் பதில் மாத்திரையை விழுங்கலாமா?

கேள்வி: சீதபேதிக்கு மருத்துவர் எழுதித் தந்த மெட்ரோனிடசோல் மாத்திரைகளில் சில வீட்டில் மிச்சம் இருக்கின்றன. இப்போது வாடையுடன் வெள்ளைப்படுவதால் காரைக்குடியில் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டினேன். அவர் அதே மருந்தை ஜெல்லாகத் தந்து, இரவில் உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஜெல்லுக்குப் பதிலாக அந்த மாத்திரையை விழுங்கலாமா? இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டுவரும் என் மாமியாருக்கு ஈறு வீங்கியிருக்கிறது. அவருக்கும் இதைக் கொடுக்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: அவருக்கு அந்த மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கல்லீரல் வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றுவதை மெட்ரோனிடசோல் தடுப்பதால், வழக்கமான அளவு வார்ஃபரினே மிகையாகி, ரத்தம் உறையாமல் கசியத் தொடங்கலாம். பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வார்ஃபரின் சாப்பிடுவதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி உங்களைப் பற்றி. மெட்ரோனிடசோலும் டினிடசோலும் நைட்ரோஇமிடசோல் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்குள் நுழைந்து அவற்றின் டி.என்.ஏ.வைச் சிதைப்பவை. மாத்திரையாக விழுங்கினால் மருந்து ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது; வாயில் உலோகச் சுவை, குமட்டல் போன்ற தொல்லைகள் அதனால்தான் வருகின்றன. ஜெல்லோ வைத்த இடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை 7 நாள் சாப்பிட்டால் உள்ளே போவது 5,600 மில்லிகிராம், 0.75 சதவீத ஜெல்லை நாளுக்கு 5 கிராம் வீதம் 5 நாள் வைத்தால் 200 மில்லிகிராமுக்கும் குறைவு. அப்படியிருந்தும், வாடையுடன் வெள்ளைப்படுவதற்குப் பெரும்பாலும் காரணமாகும் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்னும் தொற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு குணம் தருகின்றன. ஆகவே உங்கள் மருத்துவரின் தேர்வு சரியானது என்றே கருதுகிறேன்.

எல்லா வெள்ளைப்படுதலுக்கும் இது பொருந்தாது. உடலுறவில் பரவும் டிரைக்கோமோனாஸ் தொற்றாக இருந்தால், கிருமி சிறுநீர்த் தாரையிலும் அருகிலுள்ள சுரப்பிகளிலும் பதுங்கியிருக்கும். அங்கே ஜெல் எட்டாது. மாத்திரைதான் வேண்டும், கணவருக்கும் சேர்த்து. எனவே ஜெல் முடிந்த பிறகும் வாடை தொடர்ந்தால் மருத்துவரிடம் மறுபடியும் காட்டுங்கள்.

மாத்திரை மிச்சம் இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. வயிறு சரியானதும் இடையிலேயே நிறுத்தியிருந்தால், சீதபேதியை உண்டாக்கும் அமீபா என்னும் கிருமி முழுமையாக அழிந்திருக்காது. மேலும், இம்மருந்து ரத்தத்தில் நன்றாகக் கலந்துவிடுவதால் குடலின் உள்வெளியில் போதிய அளவு தங்குவதில்லை. அங்கே மீந்திருக்கும் அமீபாவை ஒழிக்க டைலொக்சனைடு போன்ற வேறொரு மருந்தைத் தொடர்ந்து தருவது முறை. அது உங்களுக்குத் தரப்பட்டதா என்பதை, சீதபேதிக்கு மருந்து எழுதிய மருத்துவரிடமே பழைய சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.