ஒரே பானையில் உருகிய நாடா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல இனத்தவரின் பண்பாடுகள்தான் அமெரிக்காவின் பலம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. போய்க் குடியேறியவர்கள் தங்கள் மொழியையும் பழக்கத்தையும் விட்டு, ஒரே பானையில் உருகியதால்தானே அது ஒரு நாடாக நிற்கிறது? அவரவர் மொழி, அவரவர் பள்ளி என்று விட்டிருந்தால் என்றோ உடைந்திருக்காதா?

செ.

அன்புள்ள செ.,

உடைந்துவிடுமோ என்ற பயம் அமெரிக்கர்களுக்கே இருந்தது. அந்தப் பயம் அவர்களை என்னவெல்லாம் செய்யவைத்தது என்று பாருங்கள்.

1917இல் ஜெர்மனியோடு போர் மூண்டதும், தலைமுறைகளாக அங்கே உழுது பிழைத்த ஜெர்மன் வம்சாவளியினர் மேல் சந்தேகம் விழுந்தது. 1918 ஏப்ரலில், இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில்லில், ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மானியத் தொழிலாளியைக் கும்பல் ஒன்று வெறுங்காலோடு, உடம்பில் அமெரிக்கக் கொடியைச் சுற்றித் தெருவில் நடத்திக் கூட்டிப்போய்த் தூக்கில் போட்டது. சாகும் முன் பெற்றோருக்கு நாலு வரி எழுத மட்டும் விட்டார்கள். வழக்கு நடந்தது. 11 பேரையும் ஜூரி விடுவித்தது.

அடுத்த மாதமே அயோவா ஆளுநர் ஹார்டிங், பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று அறிவித்தார். ஆங்கிலம் தெரியாதவர்கள் வீட்டிலேயே வழிபட்டுக்கொள்ள வேண்டும். போருக்குப் போன மகனுக்காக ஒரு கிழவி தேவாலயத்தில் எந்த மொழியில் ஜெபித்திருப்பாள்?

போர் முடிந்தும் பயம் போகவில்லை. எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு வேற்று மொழி கற்பிப்பது குற்றம் என்று 1919இல் நெப்ராஸ்காவில் சட்டம் வந்தது. மறு வருஷம் மே 25ஆம் தேதி, அங்கே ஒரு லூத்தரன் பள்ளியில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் 10 வயதுப் பையனுக்கு ஜெர்மனில் பைபிள் கதை வாசிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அரசு வழக்கறிஞர் வந்து நின்றார். சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று மேயருக்குத் தெரியும். மாறவில்லை, ஜெர்மனிலேயே தொடர்ந்தார். அபராதம் 25 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923இல், 7 நீதிபதிகள் ஒருபக்கமும் 2 பேர் மறுபக்கமுமாக, மேயருக்குக் கிடைத்த தண்டனை ரத்தானது.

பள்ளிகளில் ஆங்கிலத்தில் கற்பிக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு மறுக்கவில்லை. எனக்கும் அதில் மறுப்பில்லை. பொது மொழி ஒன்று வேண்டும், சரி. பையன் ஆங்கிலம் படிக்கட்டும். அதற்காக அவனுடைய பாட்டியின் மொழியை ஏன் பிடுங்க வேண்டும்?

ஹொரேஸ் காலன் என்ற சிந்தனையாளர் 1915இல் அமெரிக்காவை ஓர் இசைக்குழுவுக்கு ஒப்பிட்டார். ஒவ்வோர் இனமும் ஒரு வாத்தியம். எனக்குப் பிடித்த உவமை. ஆனால் அவர் மனதில் இருந்தவை ஐரோப்பிய வாத்தியங்கள்தான். கறுப்பின மக்களுக்கு அவர் அதில் இடம் வைக்கவில்லை. அது பெரிய குறை.

அப்புறம், உடைந்திருக்காதா என்று கேட்டீர்கள். 1918 இலையுதிர்காலத்தில், பிரான்ஸ் போர்முனையில், அமெரிக்கப் படையின் தொலைபேசிப் பேச்சை ஜெர்மானியர்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது சோக்டா என்ற பூர்வகுடி வீரர்களைத் தொலைபேசியில் உட்காரவைத்தார்கள். உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் தண்டனை கிடைத்த காலம் அது. இயந்திரத் துப்பாக்கிக்கு சோக்டா மொழியில் சொல் கிடையாது. ‘வேகமாகச் சுடும் சின்னத் துப்பாக்கி’ என்று சொல்லிக்கொண்டார்கள். எதிரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்புடன்.