கடல் ஆய்வுக்குள் நுழைய: கேள்வி பதில்

கேள்வி: விலங்கியல் முதுகலை முடித்திருக்கிறேன். ஸ்கூபா (காற்றுக் கலனுடன் நீருக்குள் மூழ்குவது) தெரியாது. கடல் பாதுகாப்பு ஆய்வுக்கு வர முடியுமா?

பதில்: தாராளமாக. கடற்புல், அலையாத்தி இரண்டையும் நீர் வற்றும் நேரத்தில் நடந்தே அளக்கலாம். கடற்புல்லுக்கு 25 மீட்டர் இடைவெளியில் மூன்று 50 மீட்டர் நாடா விரியுங்கள். ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு ஒரு தடவை அரை மீட்டர் சதுரச் சட்டம்: நாடாவுக்கு 11, மொத்தம் 33. அதற்காக 33 இடங்களை ஆராய்ந்ததாக எழுதிவிடாதீர்கள். ஆராய்ந்தது ஒரே இடம்தான். புதியவர்களின் கட்டுரை திரும்பி வருவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

கேள்வி: என்ன மென்பொருள் கற்கலாம், மேடம்?

பதில்: புள்ளியியலுக்கு ஆர் மொழி, வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ். இரண்டும் இலவசம். அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவா வெளியிடும் 5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்த கடல்வெப்பத் தரவை இறக்கி, பவளப்பாறை தாங்கிய வெப்பத்தை அளக்கும் 'வெப்ப வாரம்' கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஓர் இடத்தின் மிகச் சூடான மாதச் சராசரியைவிட 1 டிகிரியோ அதற்கு மேலோ ஏறிய நாள்களை மட்டும் எடுங்கள். அந்த மிகுதியை 84 நாளுக்குக் கூட்டி 7ஆல் வகுக்க வேண்டும். மிகுதியிலிருந்து அந்த 1 டிகிரியைக் கழித்துவிட்டால் விடை குறைந்துபோகும். பலரும் சறுக்குவது அங்கேதான். 4ஐத் தொட்டால் பவளம் நிறமிழக்கும் வெளிறலை எதிர்பார்க்கலாம், 8ஐத் தாண்டினால் சாவும் தொடங்கலாம். வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல, குறிப்பேட்டில் தனித்தனியாகப் பதியுங்கள்.

கேள்வி: ஆழமில்லாத இடத்தில் வைத்த வெப்பமானி லாகர் (வெப்பத்தைத் தானே பதிந்துவைக்கும் கருவி) நண்பகலில் மட்டும் தாறுமாறாக ஏறுகிறது. பழுதா?

பதில்: வெயில் பட்டுக் கருவியின் கூடே சூடாகியிருக்கலாம். இன்னொன்றை இரு முனையும் திறந்த வெள்ளை பிவிசி குழாய்க்குள் கட்டிப் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் தண்ணீரே சூடாகிறது. குழாயில் இல்லாதது மட்டும் ஏறினால் வெயில்தான் காரணம். போடுமுன்னும் எடுத்தபின்னும் நொறுக்கிய ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்த வாளியில் 0 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள். அரை மணிக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 17,520 பதிவு. நினைவகம் தாங்குமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: காலநிலைத் தகவமைப்புத் திட்டத்தில் அலையாத்தி நட்டோம். நாற்றெல்லாம் சாகிறது.

பதில்: தரை மட்டத்தைச் சந்தேகியுங்கள். சும்மா கிடக்கிறதே என்று தாழ்ந்த சேற்றுத் திட்டில் நட்டால், நாற்று அதிக நேரம் மூழ்கியே கிடக்கும். அருகில் தானாக வளர்ந்த அதே இன மரங்கள் நிற்கும் உயரத்தை அளந்து ஒப்பிடுங்கள். வாய்க்கால் அடைபட்டிருந்தால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் தாய்மரங்கள் இருந்தால் விதை தானே வந்து சேரும், நடவே வேண்டியிருக்காது.